சிறு விமான நிலையமும் நம் ஊரும்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

முன்னுரை

கோயிலுக்கும் பட்டுக்கும் பெயர் பெற்றது நம் காஞ்சிபுரம். தறிச் சத்தத்தைக் கேட்டும் கோபுரங்களைப் பார்த்தும் வளர்ந்தவர்கள் நாம். நம்மில் பலர் ஆகாய விமானத்தை வானத்தில் வெள்ளிப் பொட்டாகக் கண்டதோடு சரி. ஆயினும் சில ஆண்டுகளாக நம் மாவட்டத்தில் திண்ணையிலும் பேருந்திலும் தேநீர்க் கடையிலும் விமான நிலையம் பற்றிய பேச்சுத்தான். 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், சென்னைக்கான இரண்டாவது விமான நிலையம் நம் மாவட்டத்துப் பரந்தூரில் அமையும் என்று அறிவிக்கப்பட்டது. அன்றிலிருந்து வேண்டும் என்போரும் உண்டு. வேண்டாம் என்போரும் உண்டு. இரு சாரார் வீட்டுப் பிள்ளைகளும் நம் பள்ளியில் ஒரே பெஞ்சில் அமர்ந்து படிக்கிறோம்.

விமான நிலையம் என்றால் என்ன, அதற்கு எவ்வளவு இடம் வேண்டும், அது யாருக்கு என்ன வேலை செய்கிறது என்பதை அறியாமல் வாதாடினால், வாதம் வெறும் சத்தமாகவே முடியும். பெரிய இயந்திரத்தைப் புரிந்துகொள்ளச் சிறிய இயந்திரத்தைப் பிரித்துப் பார்ப்பது நல்ல வழி. ஆகவே ஒரு சிற்றூரை ஒட்டி அமையும் சிறு விமான நிலையத்தை முதலில் எடுத்துக்கொண்டு, அதன் பாகங்களையும் பயன்களையும் ஆராய்ந்து, பின்னர் நம் ஊர்ப் பிரச்சினைக்கு வருவோம்.

பேருந்தும் மற்ற வண்டிகளும்

சாலையில் ஓடுவன எல்லாம் பேருந்துகள் அல்ல. குறித்த நேரத்தில் குறித்த வழியில் செல்வது பேருந்து. அதைத் தவிர ஆம்புலன்ஸ் உண்டு, வாடகைக் கார் உண்டு, வண்டி ஓட்டப் பழக்கும் பள்ளியின் வண்டி உண்டு, வயலுக்குப் போகும் டிராக்டர் உண்டு, ஒருவர் சொந்தத்துக்கு வைத்திருக்கும் மோட்டார் சைக்கிளும் உண்டு.

வானத்திலும் அப்படியே. கால அட்டவணைப்படி டிக்கெட் வாங்கியவர்களை ஏற்றிச் செல்லும் பெரிய விமானங்கள் பேருந்தைப் போன்றவை. இவை நீங்கலாக விமானம் ஓட்டக் கற்பிப்பது, நோயாளியை ஏற்றிச் செல்வது, நிலத்தை அளக்கப் படம் எடுப்பது, பயிருக்கு மருந்து தெளிப்பது, வெள்ளத்தையும் காட்டுத் தீயையும் மேலிருந்து கண்காணிப்பது, சொந்த விமானத்தில் செல்வது எனப் பலவகை வேலைகள் உள்ளன. இந்த வேலைகளுக்கென்றே பல நாடுகளில் சிறு விமான நிலையங்கள் இருக்கின்றன. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பொதுமக்கள் பயன்படுத்தக்கூடிய விமான நிலையங்கள் சுமார் 5,000. அவற்றுள் அட்டவணைப்படி பயணி விமானங்கள் வந்து போகும் நிலையங்கள் சுமார் பத்தில் ஒரு பங்குதான். மற்றவை எல்லாம் சிறு ஊர்களின் ஓரத்தில், சோளக் கொல்லைகளுக்கு நடுவே கிடக்கும் சிறு நிலையங்களே.

ஓடுபாதை எவ்வளவு நீளம்?

விமான நிலையத்தின் உயிர் ஓடுபாதை. அதன் நீளத்தை முடிவு செய்வது, அங்கே இறங்கப் போகும் விமானம்.

உலகெங்கும் பயிற்சிக்குப் பயன்படும் செஸ்னா 172 என்ற விமானத்தைப் பார்ப்போம். 1955இல் முதன்முதலில் பறந்த இவ்வகை விமானம் இதுவரை 44,000க்கும் மேல் செய்யப்பட்டுள்ளது. நான்கு பேர் அமரலாம். எல்லாம் ஏற்றிய பின் எடை சுமார் 1,100 கிலோ. தரையில் சுமார் 300 மீட்டர் ஓடினால் எழும்பிவிடும். எதிரில் உள்ள மரத்துக்கு மேலே செல்ல இன்னும் 200 மீட்டர் வேண்டும். எழுபது பேர் அமரும் ஏ.டி.ஆர். 72 விமானத்துக்கு ஏறத்தாழ 1,300 மீட்டர் தேவை. நூற்றெண்பது பேர் அமரும் ஏர்பஸ் 320 முழுப் பாரத்துடன் எழும்ப 2,000 மீட்டருக்கு மேல் ஆகும். மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதை 3,600 மீட்டரைத் தாண்டுகிறது.

வெயில் நாளில் இந்தக் கணக்கு மாறும். சூடான காற்று விரிந்து அடர்த்தி குறைகிறது. அடர்த்தி குறைந்தால் இறக்கைக்குக் கிடைக்கும் தூக்குவிசையும் எஞ்சினின் வலிமையும் குறைகின்றன. ஆகவே சித்திரை வெயிலில் அதே விமானம் மார்கழியில் ஓடியதைவிட அதிக தூரம் ஓடித்தான் எழும்ப முடியும். கடல் மட்டத்தைவிட உயரமான ஊருக்கும் இதே நியதி பொருந்தும்.

நம் மாநிலத்துச் சேலம் விமான நிலையத்தின் ஓடுபாதை 1,806 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ஒரு பட்டுப் புடவையை ஆறு மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 301 புடவைகளை ஒன்றன்பின் ஒன்றாக விரித்த நீளம் அது. பரப்பைப் பெருக்கிப் பார்த்தோம். 54,180 சதுர மீட்டர் வந்தது. அதாவது 13 ஏக்கருக்குச் சற்று அதிகம். ஆனால் அந்த நிலையத்தின் மொத்த நிலம் சுமார் 136 ஏக்கர். ஓடுபாதையைப்போல் பத்து மடங்கு நிலம் எதற்கு? பாதையின் இரு பக்கமும் மேடு பள்ளமின்றி வெற்றிடம் விட வேண்டும். இரு முனைகளிலும், நிற்காமல் ஓடிவிட்ட விமானத்துக்காக இடம் வேண்டும். விமானங்கள் நிற்கும் தளம், பயணியர் கட்டடம், தீயணைப்பு வண்டி, எண்ணெய்க் கிடங்கு ஆகியவை வேண்டும். வேலிக்கு வெளியிலும் விமானம் தாழ்ந்து வரும் வழியில் உயரமான கட்டடமோ கோபுரமோ எழுப்ப விதிகள் இடம் தருவதில்லை. இதனால் ஓடுபாதை நீண்டால் அதனோடு சேர்ந்து மற்ற நிலமும் விரியும் என்பது தெளிவு.

காற்றோடு ஒரு கணக்கு

ஓடுபாதையின் முனையில் பெரிய வெள்ளை எண் ஒன்று எழுதப்பட்டிருக்கும். அது திசைகாட்டி காட்டும் கோணத்தைப் பத்தால் வகுத்த எண். சேலத்தில் ஒரு முனையில் 04, மறு முனையில் 22. அதாவது ஒரு முனையிலிருந்து ஓடினால் 40 பாகை, வடகிழக்குத் திசை. எதிர் முனையிலிருந்து ஓடினால் 220 பாகை, தென்மேற்குத் திசை. எந்த ஊரிலும் இரு எண்களின் வித்தியாசம் 18 ஆகவே இருக்கும். 180 பாகை என்பது நேர் எதிர்த்திசை அல்லவா?

நம் நாட்டில் ஆனி முதல் தென்மேற்குப் பருவக் காற்றும், ஐப்பசி முதல் வடகிழக்குப் பருவக் காற்றும் வீசுகின்றன என்று பூகோளப் பாடத்தில் படித்துள்ளோம். சேலத்து ஓடுபாதையும் ஏறத்தாழ அந்தத் திசைகளிலேயே கிடப்பதைக் காண்க. விமானம் காற்றை எதிர்த்தே ஏறவும் இறங்கவும் விரும்புகிறது. காரணம் எளியது. விமானம் எழும்பத் தேவையான வேகம் தரையைப் பொறுத்த வேகம் அன்று. காற்றைப் பொறுத்த வேகம்.

ஒன்பதாம் வகுப்பில் படித்த சமன்பாட்டை இங்கே போட்டுப் பார்க்கலாம். முடுக்கம் மாறாதிருந்தால், ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கும். செஸ்னா மணிக்கு 100 கிலோ மீட்டர் வேகத்தில் எழும்புவதாகக் கொள்வோம். மணிக்கு 20 கிலோ மீட்டர் எதிர்க்காற்று வீசினால், தரையில் 80 கிலோ மீட்டர் வேகம் வந்தாலே போதும். 80க்கும் 100க்கும் உள்ள விகிதத்தின் வர்க்கம் 0.64. ஆகவே 300 மீட்டர் ஓட வேண்டிய விமானம் 192 மீட்டரில் எழும்பிவிடும். அதே காற்று பின்னாலிருந்து வீசினாலோ, தரையில் 120 கிலோ மீட்டர் வேகம் வேண்டும். தூரம் 432 மீட்டர் ஆகிவிடும். ஒரே விமானம், ஒரே பாதை. திசையை மாற்றினால் தூரம் இரண்டு மடங்குக்கும் மேல்! புத்தகத்தில் மதிப்பெண்ணுக்காகப் படித்த சமன்பாடு இங்கே உயிரைக் காப்பதை எண்ணி வியந்தோம்.

காற்றின் திசையை அறிய விலை உயர்ந்த கருவி இல்லாத இடத்திலும் கம்பத்தில் ஒரு துணிப் பை கட்டியிருக்கும். இரு முனையும் திறந்த நீண்ட குழாய் போன்றது அது. பை தொங்கினால் காற்றில்லை. நேராக நீண்டு நின்றால் காற்று மணிக்கு சுமார் 28 கிலோ மீட்டர் அல்லது அதற்கு மேல் வீசுகிறது. பல மைல் பறந்து வந்த விமானி, இறங்குமுன் இந்தத் துணியைத்தான் தேடுகிறார்.

இடம் வந்து இறங்குதல்

நாம் கோயில் பிரகாரத்தை வலமாகச் சுற்றி வருகிறோம். சிறு விமான நிலையத்தை விமானம் பெரும்பாலும் இடமாகச் சுற்றி வருகிறது. விமானத்தின் தலைமை விமானி இடப் பக்க இருக்கையில் அமர்வதால், இடப்புறம் திரும்பும்போது அவருக்கு ஓடுபாதை நன்றாகத் தெரியும். தரையிலிருந்து ஏறத்தாழ 1,000 அடி உயரத்தில், காற்று வீசும் திசையிலேயே ஓடுபாதைக்கு இணையாகச் சென்று, இடப்புறம் ஒரு திருப்பம், மீண்டும் ஒரு திருப்பம் திரும்பி, காற்றை எதிர்கொண்டு இறங்க வேண்டும். எல்லா விமானங்களும் ஒரே முறையில் சுற்றி வந்தால் ஒன்றோடொன்று மோதும் அபாயம் குறைகிறது. பல நாடுகளின் சிறு நிலையங்களில் கட்டுப்பாட்டுக் கோபுரமே கிடையாது. அங்கே ஒவ்வொரு விமானியும் வானொலியில் தாம் இருக்குமிடத்தைச் சொல்லிக்கொண்டே வருவார். மற்றவர்கள் கேட்டு ஒதுங்குவார்கள். பிறர் சொல்வதைக் கவனித்துக் கேட்பது அங்கே உயிரைக் காக்கும் ஒழுங்கு.

சேலம் கற்றுத்தரும் பாடம்

சேலம் நிலையம் ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் உள்ளது. 1993இல் அது திறக்கப்பட்டு ஒரு பயணி விமானம் வந்தது. பயணிகள் போதாமல் சில காலத்தில் நின்றது. 2009 நவம்பரில் மீண்டும் ஒரு நிறுவனம் வந்தது, 2011இல் நின்றது. சிறு ஊர்களுக்கும் விமானம் செல்ல வேண்டும், ஒரு மணி நேரப் பயணத்தில் குறிப்பிட்ட இருக்கைகளின் கட்டணம் சுமார் 2,500 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு மத்திய அரசு 2016இல் 'உடான்' திட்டத்தை வகுத்தது. அதன்கீழ் 2018 மார்ச்சில் சேலத்துக்கு மூன்றாம் முறையாக விமானம் வந்தது. 2021இல் அதுவும் நின்றது. 2023 அக்டோபரில் நான்காம் முறையாகத் தொடங்கியது.

பயணி விமானத்தை மட்டும் வைத்து எண்ணினால் இது மும்முறை தோற்ற கதை. ஆனால் வேறொரு கணக்கும் உண்டு. விமானப் பயிற்சிப் பள்ளிகள் அமைப்பதற்கென இந்திய விமான நிலைய ஆணையம் 2022இல் தேர்ந்தெடுத்த ஐந்து நிலையங்களில் சேலமும் ஒன்று. நாளுக்கு ஓரிரு பயணி விமானங்களே வரும் இடத்தில் ஓடுபாதை மற்ற நேரமெல்லாம் சும்மா கிடக்கிறது. கற்கும் மாணவருக்கோ அப்படிப்பட்ட நெரிசலற்ற பாதைதான் வேண்டும். பெரிய நகரத்தின் நிலையத்தில் நிமிடத்துக்கு நிமிடம் ஜெட் விமானங்கள் இறங்கும்போது, மாணவர் நாளெல்லாம் ஏறி இறங்கிப் பழக இயலுமா? ஆகவே ஒரு வேலைக்குப் போதாதது மற்றொரு வேலைக்கு மிகப் பொருத்தமாக அமைகிறது.

சேலத்திலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. ஓடுபாதையை நீட்டி நிலையத்தை விரிவாக்க மேலும் பல நூறு ஏக்கர் நிலத்தை எடுக்க 2018இல் முயன்றபோது, அங்குள்ள விவசாயிகள் எதிர்த்தனர். பழைய வேலிக்குள் நடக்கும் வேலைக்கு இல்லாத எதிர்ப்பு, வேலி நகரத் தொடங்கியதும் எழுந்தது.

நமக்கு மேற்கே, வேலூரை அடுத்த அப்துல்லாபுரத்திலும் ஒரு பழைய சிறு விமானத் தளம் உண்டு. உடான் திட்டத்தில் சேர்க்கப்பட்டு, சிறு விமானங்களுக்காகச் சீரமைக்கப்பட்டது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நாடி வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் நோயாளிகள் இரண்டு மூன்று நாட்கள் ரயிலில் வருவதை நாம் அறிவோம். அத்தகைய ஊருக்கு அருகில் ஒரு சிறு தளம் இருப்பதன் பொருளை எளிதில் உணரலாம்.

நோயாளிக்கும் மாணவிக்கும்

நோயாளிக்கு விமானம் எவ்வாறு உதவும் என்பதை உலகுக்குக் காட்டிய நாடு ஆஸ்திரேலியா. அங்கே மக்கள் மிகத் தொலைவில் தனித்தனியே வாழும் உட்பகுதிகளில் மருத்துவர் இல்லாமல் பலர் இறந்தனர். ஜான் ஃபிளின் என்ற போதகர் இதைக் கண்டு வருந்தி, பல்லாண்டு முயன்று, பறக்கும் மருத்துவர் பணியை ஏற்படுத்தினார். 1928 மே 17 அன்று குயின்ஸ்லாந்தின் கிளான்கரி என்ற சிற்றூரிலிருந்து அதன் முதல் விமானம் மருத்துவரை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. அந்தப் பணி இன்றும் நடக்கிறது. அவர்கள் இறங்குவது பளிங்குக் கட்டடம் கொண்ட நிலையங்களில் அன்று. பல இடங்களில் சமன் செய்த மண் பாதையிலேயே இறங்குகிறார்கள்.

நம் நாட்டிலும் விமானம் சிறிய இடத்தில்தான் தொடங்கியது. 1910இல் சென்னையில் ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் என்ற ஓட்டல் முதலாளி தம் விமானத்தைத் தீவுத்திடலில் மக்களுக்குப் பறந்து காட்டினார். 1930இல் சென்னை விமானக் கழகம் தோன்றியது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஒரு சிறு விமானத்தில் தபால் கொண்டுவந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். பிற்காலத்தில் ஏர் இந்தியாவாக வளர்ந்த நிறுவனத்தின் விதை அந்தத் தபால் பைதான்.

பெண்கள் நாம் மறக்கலாகாத பெயர் ஒன்று உண்டு: உஷா சுந்தரம். பெங்களூரை அடுத்த ஜக்கூர் என்ற சிறு விமானத் தளத்தில் அரசாங்கப் பயிற்சிப் பள்ளி ஒன்று 1948இல் தொடங்கப்பட்டது. அங்கே பயின்று 1949இல் தேறிய முதல் பெண் அவரே. 1951இல் சென்னை அரசு வாங்கிய 'டவ்' விமானத்தை, விமானியான தம் கணவருடன் சேர்ந்து, இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தார். இன்று நம் நாட்டு விமானிகளில் பெண்கள் நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவில் உள்ளனர். உலகச் சராசரியைவிட இது பன்மடங்கு அதிகம். பதினாறு வயது நிறைந்தால் மாணவ விமானி உரிமம் பெறலாம். வேலைக்கான உரிமம் பெறப் பதினெட்டு வயதும் 200 மணி நேரப் பறப்பும் வேண்டும். அந்த 200 மணி நேரம் பெரும்பாலும் கழிவது சிறு நிலையத்தில்தான். வீட்டுக்கு அருகில் அப்படி ஒன்று இருந்தால், தறிகாரர் வீட்டுப் பெண்ணும் வேலிக்கு வெளியே நின்று பார்த்து, "நானும் கற்கலாமா?" என்று கேட்கத் துணிவாள். ஆயினும் கட்டணம் பல லட்சம் ஆவதால், அருகில் நிலையம் இருந்தால் மட்டும் போதாது. உதவித் தொகையும் வேண்டும்.

நன்மையை மட்டும் சொல்வது முறையன்று. சிறு விமானங்களின் ஓசை சுற்றியுள்ளவர்களுக்குத் தொல்லை. மண்ணெண்ணெய் இனத்து எரிபொருளில் ஜெட் விமானங்கள் ஓடுகின்றன. சிறு பிஸ்டன் எஞ்சின்களுக்கோ தனி வகைப் பெட்ரோல் வேண்டும். அதில் பெரும்பாலும் இன்னும் ஈயம் கலந்திருக்கிறது. ஈயம் குழந்தைகளின் மூளைக்குத் தீங்கு. எனவே பள்ளிக்கும் குடியிருப்புக்கும் நெருக்கமாக எந்த நிலையமும் அமைவது நல்லதன்று.

தண்ணீர் சொல்லும் சாட்சி

2015 டிசம்பர் முதல் வாரத்தில் சென்னையிலும் நம் மாவட்டத்திலும் பெய்த பெருமழையை வீட்டிலுள்ள பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அடையாறு பெருகி மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குள் புகுந்தது. விமானங்கள் நீரில் நிற்க, நிலையம் பல நாட்கள் மூடப்பட்டது. அங்கே இரண்டாவது ஓடுபாதையின் ஒரு பகுதியே அடையாற்றின் மேல் பாலமாகக் கட்டப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

அப்போது கைகொடுத்தது நமக்கு வடக்கே அரக்கோணத்தில் உள்ள 'ராஜாளி' கடற்படை விமானத் தளம். 1992இல் கடற்படையில் சேர்க்கப்பட்ட இதன் ஓடுபாதை 4 கிலோ மீட்டருக்கும் நீளமானது. இது பொதுமக்களுக்குரிய நிலையம் அன்று. ஆயினும் அந்த நாட்களில் சில பயணி விமானங்கள் அங்கிருந்து இயக்கப்பட்டு, தவித்தவர்கள் வெளியேறினார்கள். ஒரே நிலையத்தை நம்பியிருப்பது ஆபத்து என்பதற்கும், நீரின் வழியில் நிலையம் அமைப்பது ஆபத்து என்பதற்கும் அந்த ஒரு வாரமே சாட்சி.

பரந்தூருக்கு அளவுகோல்

இப்போது நம் ஊர்ப் பிரச்சினைக்கு வருவோம். பரந்தூர்த் திட்டத்துக்குக் கேட்கப்படும் நிலம் 5,000 ஏக்கருக்கு மேல். மீனம்பாக்கம் சுமார் 1,300 ஏக்கர். சேலத்தின் 136 ஏக்கரை வைத்துப் பார்த்தால், ஏறத்தாழ நாற்பது சேலம் நிலையங்களை அந்த இடத்தில் பரப்பலாம். ஆண்டுக்குப் பத்துக் கோடிப் பயணிகள் வரையில் கையாள்வது அதன் இறுதி நோக்கம். 2025 ஏப்ரலில் மத்திய அரசு கொள்கை அளவில் ஒப்புதல் அளித்தது.

இதை ஆதரிப்போர் சொல்வது: மீனம்பாக்கத்தில் 2023-24இல் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட பயணிகள் வந்து சென்றனர். நகரம் நாற்புறமும் சூழ்ந்துவிட்டதால் அது வளர இடமில்லை. புதிய நிலையம் வந்தால் தொழிலும் வேலையும் பெருகும். நிலம் தருவோருக்கு இழப்பீடும் வீடும் வேலையும் தருவோம் என்று அரசு கூறியது.

எதிர்ப்போர் சொல்வது: பதின்மூன்று கிராமங்களின் நஞ்சை நிலமும் ஏரிகளும் இதில் அடங்குகின்றன. ஏகனாபுரம் போன்ற ஊர்களில் வீடுகளும் போகும். பாலாற்று நீரைக் கொண்டுவரும் கம்பன் கால்வாய் இந்த இடத்தைக் கடந்து, வழியிலுள்ள ஏரிகளை நிரப்பி, ஸ்ரீபெரும்புதூர் ஏரியை நோக்கிச் செல்கிறது. அந்த நீர் செம்பரம்பாக்கத்தோடு தொடர்புடையது. செம்பரம்பாக்கத்தின் உபரி நீர்தான் அடையாற்றில் சேர்கிறது. ஏகனாபுரத்துக் கிராம சபை இத்திட்டத்துக்கு எதிராகப் பல முறை தீர்மானம் நிறைவேற்றியது.

இரண்டு வாதங்களிலும் உண்மை இருக்கிறது. இரண்டையும் நிறுக்க ஒரு தராசு வேண்டும். சிறு நிலையத்தைப் பிரித்துப் பார்த்ததில் எங்களுக்குக் கிடைத்த தராசு இதுதான்: வேலை விமானத்தை முடிவு செய்கிறது; விமானம் ஓடுபாதையை முடிவு செய்கிறது; ஓடுபாதை நிலத்தை முடிவு செய்கிறது. ஆகவே நிலத்தின் அளவிலிருந்து வாதத்தைத் தொடங்கக் கூடாது. வேலையிலிருந்து தொடங்க வேண்டும். அந்த முறையில் ஐந்து கேள்விகள் எழுகின்றன.

1. என்ன வேலைக்காக இந்த நிலையம்? பயணிகளுக்கா, சரக்குக்கா, பயிற்சிக்கா, அவசர உதவிக்கா?
2. அந்த வேலையில் ஒரு பங்கையேனும் ஏற்கனவே உள்ள சிறு நிலையங்கள் செய்ய முடியுமா? பயிற்சியும் மருத்துவ உதவியும் குறுந்தூரப் பயணமும் சேலத்திலும் வேலூரிலும் நடந்தால் பெரிய நிலையத்தின் சுமை எவ்வளவு குறையும்?
3. எஞ்சிய வேலைக்கு எத்தனை ஓடுபாதை, எத்தனை ஏக்கர் வேண்டும்?
4. அந்த இடத்து மழைநீர் இன்று எந்த வழியாகப் போகிறது, நாளை எந்த வழியாகப் போகும்?
5. நிலத்தை இழப்பவர் நிலையத்தால் வாழ்பவராகவும் ஆவாரா, அல்லது இழப்பவர் ஒருவர், வாழ்பவர் வேறொருவரா?

இவற்றுக்கு விடை எண்ணாகவும் வரைபடமாகவும் கிராமத்தாருக்குத் தமிழில் கிடைக்க வேண்டும். தறியில் பாவு ஏற்றுமுன் இழைகளை எண்ணிப் பார்ப்பது நம் ஊர் வழக்கம். நெய்யத் தொடங்கிய பின் இழை குறைந்தால் புடவை முழுதும் பாழாகும். ஐயாயிரம் ஏக்கரில் ஒரு பாவு ஏற்றும்போதும் எண்ணிப் பார்க்கத்தானே வேண்டும்?

முடிவுரை

சிறு விமான நிலையம் சாதாரணப் பொருளாகத் தோன்றலாம். ஒரு பாதை, ஒரு துணிப் பை, ஒரு வேலி. ஆனால் அந்தப் பாதையில் இயற்பியல் இருக்கிறது. அந்தத் துணியில் பூகோளம் இருக்கிறது. அந்த வேலியில் மக்களின் வாழ்வு இருக்கிறது. நமது பாடப் புத்தகங்கள் மூன்றையும் தனித்தனியாக வைத்தாலும், வாழ்க்கை அவற்றை ஒன்றாகவே வைத்திருக்கிறது.

பரந்தூரைப் பற்றித் தீர்ப்புக் கூறும் வயது எங்களுக்கு இன்னும் வரவில்லை. இன்னும் மூன்று ஆண்டுகளில் நாங்கள் வாக்களிக்கும் வயதை அடைவோம். அப்போது எங்களுள் ஒருத்தி விமானியாகப் பயிற்சி பெறலாம். இன்னொருத்தி ஏரிகளை அளக்கும் பொறியாளராகப் படிக்கலாம். மற்றொருத்தி தன் ஊர்க் கிராம சபையில் எழுந்து பேசலாம். மூவரும் ஒருவர் கணக்கை ஒருவர் கேட்டுச் சரிபார்ப்பார்களானால், நம் மாவட்டத்தில் எது அமைந்தாலும், எது அமையாவிட்டாலும், அது அளந்து செய்த வேலையாக இருக்கும். பெற்றோரும் தோழியரும் மேலே உள்ள ஐந்து கேள்விகளை இன்றே தங்கள் வீட்டில் கேட்டுப் பார்க்குமாறு அன்புடன் வேண்டுகிறோம்.